சுகர் இறங்குன நேரம்

கையத்தானே பாக்குறீங்க. பாருங்க, மாவுக்கட்டு போட்டா எல்லாரும் பாக்கத்தான் செய்வாக. கண்டக்டரு கூட டிக்கெட்டக் கொடுத்துட்டு, "எங்கக்கா விழுந்தீங்க"ன்னு கேட்டுட்டுத்தான் போனாரு. நான் எங்கயும் விழல தங்கச்சி. எங்க வீட்டுக்காரரு அடிச்சதுதான். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி அடி இல்ல. இதச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாக. போலீஸ்காரம்மா நம்பல, ஆஸ்பத்திரியில நம்பல, நான் பெத்த மகளே நம்பல. அடிச்சது அவுக இல்ல. சுகரு.

அப்படிப் பாக்காதீங்க. மதுரை போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு, முழுசாக் கேட்டுட்டு அப்புறம் பாருங்க.

நான் ஜெயிலுக்குத்தான் போறேன், மனு பாக்க. உள்ள இருக்கிற ஆளப் போயிப் பாக்குறதுக்கு மனுன்னு பேருன்னு எனக்கே இப்பத்தான் தெரியும். எங்க ஊரு ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி. தெருவுக்குத் தெரு தறிச் சத்தந்தான். ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டுறாகள்ல வெள்ளத்துணி, அது எங்க ஊருல நெய்யிறது. எங்க வீட்டுக்காரரு அந்தத் தறிக்கூடத்துலதான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டாக. பால்வண்ணன்னு பேரு. புருசன் பேர வாயால சொன்னதே இல்ல, ஸ்டேஷன்ல கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு.

குடிக்க மாட்டாக தங்கச்சி. அத முதல்ல சொல்லிருதேன். பீடி கிடையாது, வேற பொம்பள சகவாசம் கிடையாது. தறிக்கூடத்துல அவுகளப் பத்திக் கேட்டுப் பாருங்க, தங்கமான மனுசன்னு சொல்லுவாக. அங்க ஒருத்தரையும் கை நீட்டுனது இல்ல. ஒரு தடவ ஒரு பையன் கவனமில்லாம தறியில ஏத்துன பாவு நூலு பூராத்தையும் அறுத்துப் போட்டுட்டான், அவனக்கூட ஒரு வார்த்தை சொல்லல. வீட்டுக்கு வந்துதான் என்னைய அடிச்சாக. அங்க வேளாவேளைக்கு டீ வரும், வடை வரும். சுகரு சரியா இருக்கும். வீட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ள இறங்கிரும் போல.

சுகரு வந்தது கால்ல ஒரு புண்ணு ஆறாமக் கிடந்தப்பத்தான் தெரியும். முதல்ல மாத்திரை, அப்புறம் ஊசி. வயித்துல அவுகளே போட்டுக்குவாக. போட்டதும் சாப்பிட்டுரணும்னு டாக்டரு ஆயிரம் தடவ சொல்லியிருக்காரு.

இந்த ஆடி மாசம், காத்து பேய் மாதிரி அடிச்ச அன்னைக்கு, ஊசியப் போட்டுட்டு இட்லிக்கு முன்னால உக்காந்தாக. சட்னியில உப்புக் கூடிப் போச்சு. தட்ட எடுத்துச் சுவத்துல எறிஞ்சுட்டு வேலைக்குப் போயிட்டாக. தப்பு என் மேலதான், உப்பப் பாத்துப் போட்டிருக்கணும். கொஞ்ச நேரங் கழிச்சு வாசல்ல வந்து நிக்காக. சட்டையெல்லாம் தெப்பமா நனைஞ்சிருக்கு. மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணு என்னையப் பாக்குது, ஆனா பாக்கல. "சாப்பிடுறீகளா"ன்னு கேட்டேன். "யாரு நீ"ன்னாக. நாக்கு குழறுது. விளையாடுறாகன்னு நினைச்சுக் கையப் பிடிச்சேன்.

கையில நாடா வச்சிருந்தாக. தறியில அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுமே, கட்டையில செஞ்சு ரெண்டு பக்கமும் இரும்பு முனை வச்சது. அதாலயே நெத்தியில ஒரு போடு. இந்தா பாருங்க, இந்த வடு. நான் கீழ விழவும் மேல விழுந்து கழுத்தப் பிடிச்சாக. அவுக வாயில இருந்து எச்சி என் மூஞ்சியில ஒழுகுது. என் காதுக்குள்ள தறி ஓடுற மாதிரி சத்தம். இன்னையோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்ப அவுக பிடி தன்னால விட்டுப் போச்சு. சரிஞ்சு விழுந்து கையும் காலும் இழுக்குது, பல்லு கிட்டிக்கிருச்சு.

எம் மக கோமதிதான் நூத்தி எட்டுக்குப் போன் பண்ணுனா. ஒத்தப் புள்ள எனக்கு. பார்மசி படிச்சுட்டு ராஜபாளையத்துல மருந்துக் கடையில வேலை பாத்தா. ஆம்புலன்சுல ஒரு பொம்பளப் புள்ள வந்துச்சு, எம் மகள விட ரெண்டு வயசு கூட இருக்கும். எந் தலையில ரத்தம் ஒழுகுறதப் பாத்து முதல்ல என் கிட்டத்தான் வந்துச்சு. நான் அவுகளக் காட்டுனேன். விரல்ல குத்தி மெஷின்ல வச்சுப் பாத்துச்சு. முப்பத்தி நாலு. அந்த நம்பர நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

தறிக்காரக ரெண்டு பேரு அவுக கை மேல ஏறி உக்காந்துக்கிட்டாக. அம்புட்டு உதறுறாக. அந்தப் புள்ள கைய இறுக்கிக் கட்டி, நரம்பத் தடவிப் பாத்து ஊசியச் சொருகுச்சு. சொருகுன ஊசி சரியா உள்ள போயிருக்கான்னு ஒண்ணுக்கு ரெண்டு தரம் பாத்துச்சு. "இது கெட்டியான குளுக்கோசு, நரம்ப விட்டு வெளிய போச்சுன்னா சதை வெந்து போகும்மா"ன்னு சொல்லிக்கிட்டே பெரிய சிரிஞ்சை வச்சு மெல்ல மெல்ல ஏத்துச்சு. நான் அவுக மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கேன்.

தங்கச்சி, கோயில்ல திரை விலகுறதப் பாத்திருப்பீங்கள்ல. அப்படித்தான் இருந்துச்சு. மருந்து முழுசா உள்ள போகுறதுக்குள்ள இழுப்பு நின்னுருச்சு. கண்ணு ஒரு இடத்துல வந்து நின்னுச்சு. என்னையப் பாத்தாக. பாத்துட்டு, "பேச்சி, நெத்தியில என்ன ரத்தம்? யாரு அடிச்சா?"ன்னு கேட்டாக. எழுந்திரிக்கப் பாக்குறாக. தோள்ல கிடந்த துண்ட எடுத்து என் நெத்தியத் தொடைக்காக. "சொல்லு, எவன் அடிச்சான், நான் போயிக் கேக்குறேன்"ங்கிறாக.

கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து ஏன் அழுகுறன்னு என்னைய ஒரு நாளு கேட்டதில்ல. அன்னைக்குக் கேட்டாக. என்ன அடிச்சா என்ன, அந்த ஒரு வார்த்தைக்கு.

அந்த ஆம்புலன்சுப் புள்ள அவுக வாயில பிஸ்கட்டக் கொடுத்துத் திங்க வச்சுச்சு. ஊசி மட்டும் போதாது, உடனே சாப்பிடணும், இல்லன்னா திரும்ப இறங்கிரும், ஆஸ்பத்திரியில ஒரு நாள் இருக்கணும்னுச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "மூளைக்குச் சர்க்கரை பத்தலன்னா ஆளு இப்படித்தாம்மா ஆயிருவாங்க. என்ன செஞ்சோம்னு அவருக்கு ஞாபகம் இருக்காது. அவரு மேல தப்பில்ல"ன்னு சொல்லுச்சு.

அவரு மேல தப்பில்ல. இத எனக்கு யாரும் சொன்னதே இல்ல. எங்க அம்மா இருந்த வரைக்கும், நீ வாயக் குறைச்சிருக்கணும்னு சொல்லும். பக்கத்து வீட்டுக்காரி, அவன விட்டுட்டு வந்துருன்னு சொல்லுவா. ஒண்ணு என் மேல தப்பு, இல்ல அவுக மேல தப்பு. ரெண்டு பேரு மேலயும் தப்பில்லன்னு சொன்னது அந்தப் புள்ளதான். அது நல்லா இருக்கணும்.

ஆஸ்பத்திரியில என் நெத்திக்குத் தையல் போட்டு வெள்ளத்துணியக் கட்டுனாக. அவுக தறியில ஓடுன துணியாக்கூட இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு சந்தோசமா இருந்துச்சு.

அப்பத்தான் தங்கச்சி எனக்கு எல்லாம் விளங்குச்சு. தலை தீபாவளிக்கு எங்க அப்பா போட்ட மோதிரம் சின்னதா இருந்துச்சுன்னு பெல்ட்டால அடிச்சாக, முதுகு பூரா வீங்கிப் போச்சு. சுகரு. கோமதி வயித்துல இருக்கும்போது, தண்ணி கொண்டுவர நேரமாச்சுன்னு இடுப்புல மிதிச்சாக. சுகரு. எங்க அம்மா செத்த வீட்டுக்கு நான் போயிட்டு ஒரு நாள் பிந்தி வந்தேன்னு கதவுக்கு இடையில என் விரல வச்சுச் சாத்துனாக. அதுவும் சுகருதான். அப்ப யாரு டெஸ்ட்டு எடுத்தா? உடம்புக்குள்ள இருந்திருக்கும், தெரிஞ்சிருக்காது.

அவுக அக்கா உலகம்மா இருக்காக, எனக்கு மதினி. அவுககிட்டச் சொன்னேன். "ஏ பேச்சி, அவன் ஏழாப்புப் படிக்கும்போதே எங்க ஆத்தாளக் கல்லக் கொண்டு எறிஞ்சு பல்ல உடைச்சவன். அப்ப அவனுக்கு எந்தச் சுகரு"ன்னு கேட்டாக. "சின்னப் புள்ளைகளுக்கும் வருதாம் மதினி, டிவியில சொன்னான்"னேன். மதினி வெத்தலையத் துப்ப எழுந்து போயிட்டாக. கூடப் பொறந்தவகளுக்கே தம்பி மேல பாசம் இல்ல.

அதுல இருந்து வீட்டுல குளுக்கோசுத் தூளு இல்லாம இருக்க மாட்டேன். அடுப்படியில ஒண்ணு, கட்டிலுக்கு அடியில ஒண்ணு, என் பையில ஒண்ணு. அவுக மூஞ்சி மாறுதுன்னு தெரிஞ்சாப் போதும், டம்ளர்ல கலக்கிக்கிட்டுப் போயி நிப்பேன். தட்டி விடுவாக. டம்ளரப் பிடுங்கி அதாலயே அடிப்பாக. ஒரு தடவ உதடு கிழிஞ்சு போச்சு. நான் விட மாட்டேன், திரும்பக் கலக்குவேன். எப்படியும் கடைசியில குடிச்சிருவாக. குடிச்சதும் கொஞ்ச நேரத்துல அமைதியாயிருவாக. அடிச்சு முடிச்ச அலுப்புலதான் அமைதியாகுறாருன்னு கோமதி சொல்லுவா. அவ கிடக்கா.

அப்புறம் அவுகளுக்கே பழகிருச்சு. என்னைய மூலையில போட்டு மிதிச்சுட்டு, நாற்காலியில போயி உக்காந்து, "பேச்சி, சுகர் இறங்கிருச்சு போல. கலக்கிக் கொண்டா"ன்னு சொல்லுவாக. முன்னாலயெல்லாம் அடிச்சா ரெண்டு நாளு மூஞ்சியப் பாக்க மாட்டாக. இப்ப அடிச்சு முடிச்ச உடனே பேசுறாக. நான் நொண்டிக்கிட்டே போயிக் கலக்குவேன். அது எனக்கு ஒரு பெரிய விஷயமா இருந்துச்சு தங்கச்சி. உங்களுக்குப் புரியாது. உங்க வீட்டுக்காரரு பேசுற ஆளா இருப்பாரு.

கால்ப் புண்ணு திரும்ப உடைச்சுக்கிருச்சு. டாக்டரு பாத்துட்டு, "சுகரு இப்படி ஏறிக்கிடக்கு, யாரு இவருக்கு இனிப்புக் கொடுக்கிறது"ன்னு சத்தம் போட்டாரு. நான் பையில இருந்த குளுக்கோசுப் பாக்கெட்ட முந்தானையால மூடிக்கிட்டேன்.

இதுக்கு நடுவுலதான் கோமதி கடையில இருந்து அந்த மெஷின வாங்கிக்கிட்டு வந்தா. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கறிக்குழம்புல எலும்பாக் கிடக்குன்னு என் முடியப் பிடிச்சு அடுப்படியில இருந்து வாசல் வரைக்கும் இழுத்துட்டு வந்தாக. கையோட கொத்தா முடி வந்துருச்சு. அப்புறம் வழக்கம்போல நாற்காலி, வழக்கம்போல டம்ளரு. கோமதி குறுக்க வந்து, "இருங்கப்பா, கையக் காட்டுங்க"ன்னா. அவுகளும் என்னமோ யோசனையில நீட்டிட்டாக. குத்திப் பாத்தா. இருநூத்திச் சொச்சம். எங்கிட்டக் கொண்டாந்து காட்டுறா. "பாரும்மா, குறையல. கூட இருக்கு." அவுக எட்டிப் பாத்துட்டு, "மெஷின் ஓட்டை"ன்னாக. கோமதி தன் விரல்லயே குத்திப் பாத்தா. தொண்ணூறு. அவளுக்கு மட்டும் சரியாக் காட்டுது, அவுகளுக்குக் கூடக் காட்டுது. ஆளப் பாத்துக் காட்டுற மெஷின் என்ன மெஷினு.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தலையில எண்ணெய் தடவிக்கிட்டே சொன்னா: "ம்மா, அப்பாவுக்கு நெசமாவே சுகர் இறங்குன அன்னைக்கு உன்னைய யாருன்னே தெரியல. யாரு நீன்னு கேட்டாரு. இப்ப உன் பேரச் சொல்லிச் சொல்லில்ல அடிக்கிறாரு." படிச்ச புள்ள. அப்படித்தான் மடக்கிப் பேசும். நான் எண்ணெய் போதும்னு எழுந்துட்டேன்.

புரட்டாசி பிறந்து முதல் சனிக்கிழமை. மத்தியானம் மூணு பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். சாம்பாரு, அப்பளம், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. கோமதிதான் ஆரம்பிச்சா. சத்தமில்லாமத்தான் சொன்னா. "அப்பா, இனிமே அம்மாவ அடிச்சுட்டுக் குளுக்கோஸ் கேக்காதீங்க. கேட்டீங்கன்னா உங்க சுகர் நம்பர நான் தறிக்கூடத்துல போயி எல்லார் முன்னாலயும் சொல்லுவேன்."

அவுக மிச்சச் சோத்தையும் பிசைஞ்சு சாப்பிட்டு முடிச்சாக. கை கழுவி, துண்டுல தொடைச்சாக. முன்வாசல் கதவத் தாழ்ப்பாப் போட்டாக. டிவி சத்தத்தக் கூட்டி வச்சாக. அப்புறம் அலமாரி மேல கிடந்த நாடாவ எடுத்தாக. பாருங்க தங்கச்சி, சுகரு இறங்கிருச்சுன்னா மனுசன் என்ன செய்யிறோம்னு தெரியாமலே ஒண்ணொண்ணாச் செய்யிறான்.

முதல் அடி அவ கைய வச்சுத் தடுத்தா. ரெண்டாவது மூஞ்சியில விழுந்துச்சு. இரும்பு முனையிருக்கே, அது. அவ கத்தல. அதுதான் எனக்கு இன்னமும் காதுல இருக்கு, அவ கத்தாம இருந்தது. டிவியில யாரோ சிரிக்கிறாக. அவ சுவத்தோரமா உக்காந்துட்டா, அவுக குனிஞ்சு குனிஞ்சு அடிக்கிறாக. நான் அடுப்படிக்கு ஓடுனேன். ஓடிக் குளுக்கோசக் கலக்குனேன். அவசரத்துல தூளு பூராக் கீழ கொட்டிருச்சு, அள்ளிப் போட்டுக் கலக்குனேன். கொண்டுபோயி அவுகளுக்கும் அவளுக்கும் நடுவுல நின்னு, "குடிங்க, ஒரு வாய் குடிங்க"ன்னு நீட்டுனேன். கதவுக்குக் குறுக்க வைக்கிற கட்டை கையில அகப்பட்டுச்சு அவுகளுக்கு. டம்ளரு பிடிச்ச கையிலயே விழுந்துச்சு. முறியுற சத்தம் எனக்கே கேட்டுச்சு. இந்தக் கைதான்.

அவள விட்டுட்டு என்னைய அடிக்க ஆரம்பிச்சாக, அதுவும் நல்லதுக்குத்தான். அதுக்குள்ள பக்கத்துத் தறியில இருந்து ஆளுக வந்து கதவ உடைச்சுட்டாக. அவுகளும் கட்டையக் கீழ போட்டுட்டு நாற்காலியில உக்காந்துட்டாக. "சுகர் இறங்கிருச்சு"ன்னு எல்லார்கிட்டயும் சொன்னாக. நானும் சொன்னேன்.

ஆம்புலன்சு வந்துச்சு. ஆனா அந்தப் புள்ள வரல. இந்தத் தடவ ஒரு ஆம்பளை. இங்கதான் தங்கச்சி எனக்கு வயித்தெரிச்சல். நான் முறிஞ்ச கையப் பிடிச்சுக்கிட்டு அவருகிட்ட ஓடுறேன். "சாமி, அந்தக் குளுக்கோசு ஊசியப் போடுங்க, அவுகளுக்குப் போடுங்க"ன்னு கேக்குறேன். அவரு கோமதியத் தாண்டி வரவே மாட்டேங்கிறாரு. நான் கால்ல விழுந்தேன். பேண்ட்டப் பிடிச்சு இழுத்தேன். அப்புறம்தான் கூட வந்த டிரைவர விட்டு அவுகளுக்கு டெஸ்ட்டு எடுக்கச் சொன்னாரு. அதுலயும் இருநூத்துக்கு மேல காட்டிருச்சு. திரும்ப எடுங்கன்னேன். திரும்பவும் அதையே காட்டுச்சு.

"அம்மா, அது சர்க்கரை குறைஞ்சு மயங்குன ஆளுக்குப் போடுற மருந்து. இவருக்கு ஏற்கெனவே கூட இருக்கு. இதுக்கு மேல ஏத்துனா இவருக்குத்தான் கெடுதல். என்னைய விடுங்க, உங்க பொண்ணுக்குக் கண்ணுல அடிபட்டிருக்கு"ன்னாரு.

ஊசி பையிலதான் இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன், அதே பெரிய சிரிஞ்சு. ஒரு நிமிசம். ஒரு நிமிசத்துல போட்டிருந்தா என்ன? அவுக கண்ணு தெளிஞ்சிருக்கும். "கோமதி, யாருத்தா அடிச்சா"ன்னு கேட்டிருப்பாக. துண்ட எடுத்து அவ மூஞ்சியத் தொடைச்சிருப்பாக. அவளும் பாத்திருப்பா, போலீசும் பாத்திருக்கும், கேசும் இல்ல, ஜெயிலும் இல்ல. அந்த மனுசன் போடல. அவரு புள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும், நான் சாபம் விடல. ஆனா போடல.

போலீஸ்காரம்மா வந்து விசாரிச்சாக. "சுகர் இறங்கிருச்சு மேடம், என்ன நடந்துச்சுன்னு ஒண்ணும் ஞாபகம் இல்ல"ன்னு அவுக சொன்னாக. அந்தம்மா எழுதிக்கிட்டே, "சரி, பொண்ணு என்ன சொல்லுச்சு"ன்னு சும்மா கேக்குற மாதிரி கேட்டாக. "அம்மாவ அடிச்சுட்டுக் குளுக்கோஸ் கேக்காதீங்கன்னு சொல்றா மேடம், பெத்த அப்பனப் பாத்து. தறிக்கூடத்துல வந்து சொல்லுவாளாம்"னாக. அந்தம்மா எழுதுறத நிறுத்திட்டு என்னையப் பாத்தாக. என்னைய எதுக்குப் பாக்கணும்? நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

கோமதிக்கு இடது கண்ணுல பார்வை இல்ல. வரும்னும் சொல்றாக, வராதுன்னும் சொல்றாக.

அவதான் கேசு கொடுத்தா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டா. "ம்மா, நீயும் என் கூட வந்துரு"ன்னா. "அப்பாவுக்கு யாரு ஊசிக்குச் சாப்பாடு பாக்குறது"ன்னேன். உடம்பு தேறுனதும் அவ வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டா. யாருகிட்டயும் எந்த ஊருன்னு சொல்லல. எங்கிட்ட மட்டும், சத்தியம் வாங்கிக்கிட்டு, ஊரு, தெரு, தங்கியிருக்கிற வீடு எல்லாம் சொன்னா.

ஜெயில்ல அவுக நல்லா இருக்காக. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு ஊசி. டாக்டரு வந்து பாக்குறாரு. கால்ப் புண்ணே ஆறிருச்சு. அங்க ஒரு நாளுகூடச் சுகரு இறங்கலையாம், யாரையும் ஒரு வார்த்தை அதட்டுனது கிடையாதாம்.

ஆனா மனு பாக்குறப்ப மட்டும் இறங்கிருது போல. மூணு வாரத்துக்கு முன்னால, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிச்ச முகமா என்னையக் கிட்ட வரச் சொன்னாக. நான் காத வச்சேன். "வெளிய வந்ததும் முதல்ல அவள முடிக்கிறேன். அப்புறம்தான் மத்ததெல்லாம்"னாக. நான் உடனே அங்க நின்ன வார்டரக் கூப்பிட்டு, "ஐயா, அவுகளுக்குச் சுகர் இறங்கிருச்சு, எதாவது இனிப்புக் கொடுங்க"ன்னேன். அவரு, "இப்பத்தாம்மா வயிறு நிறையச் சாப்பிட்டு வந்திருக்காரு"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

அன்னைக்கே கேட்டாக, "அவ எந்த ஊருல இருக்கா"ன்னு. அப்பா இல்லையா, கேக்கத்தானே செய்வாக. சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். ஊரு பேரு நாக்கு வரைக்கும் வந்துச்சு. வந்து, மறந்து போச்சு. அப்படியே துடைச்சு விட்ட மாதிரி. எனக்கு மறதியே கிடையாது தங்கச்சி. கல்யாணத்துக்கு யாரு யாரு என்ன செஞ்சாகன்னு இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். ஜெயிலு வாசலத் தாண்டி டீக்கடைப் பக்கம் வந்ததும் ஞாபகம் வந்துருச்சு, தெரு, கதவு நம்பரு, கீழ ஒரு தையல் கடை, எல்லாம்.

அடுத்த வாரம் திரும்பக் கேட்டாக. திரும்ப மறந்து போச்சு. அவுக வலையில ஓங்கிக் குத்துனாக, விரல் முட்டியெல்லாம் ரத்தம். நான் முழிச்சுக்கிட்டு நிக்கேன். ஒரு எழுத்துக்கூட வரல. போன வாரமும் அப்படித்தான். "அடுத்த வாரம் சொல்லலைன்னா, வெளிய வந்ததும் உன்னைய முதல்ல பாத்துக்கிறேன்"னாக. அடுத்த வாரம்னா இன்னைக்கு.

யோசிச்சுப் பாத்தேன். எனக்கும் சுகரு இறங்குது போல தங்கச்சி. மூளைக்குச் சர்க்கரை பத்தலன்னா ஒண்ணும் ஞாபகம் இருக்காதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சுல்ல. அதான். மனுவுக்கு வர்ற அன்னைக்கு நான் காலையில ஒண்ணும் சாப்பிடுறதில்ல. டீகூடக் குடிக்கிறதில்ல. ஏன்னு தெரியல, சாப்பாடு உள்ள இறங்க மாட்டேங்குது. இப்பக்கூடப் பாருங்க, அந்த வீட்டு வாசல் கண்ணு முன்னால அப்படியே தெரியுது, ஆனா தெருப் பேரு கொஞ்சம் கொஞ்சமாப் போயிக்கிட்டிருக்கு. அங்க போயி நிக்கும்போது சுத்தமாப் போயிரும்.

இல்ல, பிஸ்கட்டு வேணாம். வேணாம் தங்கச்சி, நல்ல மனசோட கொடுக்கிறீங்க, ஆனா இத ஒண்ணு தின்னேன்னா ஜெயிலுக்குள்ள போறதுக்குள்ள ஞாபகம் வந்துரும். பையில வைங்க. அவுகளப் பாத்துட்டு வந்து சாப்பிட்டுக்கிறேன்.